நிலைதடுமாறி

அறுபத்தோரு வயதில் எனக்கே தெரியாமல் என்னை மூதாட்டியாக்கிவிட்டார்கள். மாவுக்கட்டுப் பிரித்த அன்று பழைய எக்ஸ்ரேயைத் தேடி பீரோவைக் குடைந்தபோது, ரேஷன் கார்டுக்கு அடியில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. விரித்துப் படித்தேன். ‘தண்டையார்பேட்டையைச் சேர்ந்த சாபிரா (61) என்ற மூதாட்டி, சைக்கிளில் செல்லும்போது நிலைதடுமாறித் தானாகவே கீழே விழுந்து இடது மணிக்கட்டில் காயமடைந்தார். இதில் வேறு யார் மீதும் புகார் இல்லை.’ போலீஸ் முத்திரை. கீழே ஒரு கையெழுத்து. அது என் மகன் ஃபர்ஹானுடையது.

நான் நிலைதடுமாறவில்லை. என்னை ஒரு டிரெய்லர் இடித்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு. துறைமுகத்துக்குள் போக டோக்கன் கிடைக்காத டிரெய்லர்கள் இடது பக்கம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சைக்கிள் போக வேண்டிய இடத்தில் அவை நின்றால் சைக்கிள் எங்கே போகும்? அவற்றுக்கு வெளிப்பக்கமாகப் போனேன். பின்னால் வந்த ஒரு டிரெய்லர்காரன், வரிசையில் இருந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்கு முன்னால் வளைத்துச் செருகினான். தலை நுழைந்துவிட்டது, வால் நுழையவில்லை. அந்த வாலின் கம்பி என் சைக்கிள் கேரியரில் மாட்டி என்னை இழுத்துத் தள்ளியது. டயர் என் தலைக்கு ஒரு முழத்தில் நின்றது. அப்புறம் அவன் வண்டியைப் பின்னால் எடுத்து, நேராக்கி, போய்விட்டான். இறங்கிக்கூடப் பார்க்கவில்லை.

இதை ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே ஃபர்ஹானிடம் சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

சைக்கிள் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் சைக்கிள் மிதித்து எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனவள் நான். கல்யாணத்துக்கு அப்புறமும் போனேன். ஃபர்ஹான் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது நிறுத்தினேன். பிள்ளை பிறந்ததும் மறுபடி எடுக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர் கமாலுதீன். பிள்ளை பிறந்தான், தவழ்ந்தான், பள்ளிக்கூடம் போனான், மண்ணடியில் ஹார்டுவேர் கடை வைத்தான், நிக்காஹ் ஆயிற்று. கமாலுதீனும் மூன்று வருஷத்துக்கு முன்னால் மவுத்தாகிவிட்டார். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அதிகம் நடக்காதீங்க, படி ஏறாதீங்க, சைக்கிள் மிதிங்க என்றார் டாக்டர். அவர் சொன்னது ஜிம்மில் நின்ற இடத்திலேயே சுற்றுகிற சைக்கிளை. எனக்கு அது தெரியாமல் இல்லை. எனக்கு வேண்டியபடி புரிந்துகொண்டேன்.

செகண்ட் ஹேண்டில் ஒரு லேடிஸ் சைக்கிள் வாங்கினேன். புர்கா செயினில் மாட்டாமல் இருக்க, துணி காயப்போடுகிற க்ளிப் இரண்டை எடுத்து ஓரத்தைச் சேர்த்து மாட்டினேன். முதல் நாள் எங்கள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியபோது முட்டி வலிக்கவில்லை. ஆட்டோவில் ஏறி இறங்கினால் உயிர் போகிற முட்டி, சைக்கிளில் வலிக்கவில்லை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலடிப்பேட்டையில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வாரத்தில் நாலு நாள் போகத் தொடங்கினேன். பதினோரு மாதம் ஒரு கீறல் இல்லாமல் போய்வந்தேன். ஃபர்ஹான் மட்டும் தினமும் ஒரே பாட்டு பாடினான். “வுயுந்துடுவ. பாத்துகினே இரு, ஒரு நாளு வுயுந்துடுவ.”

அன்று சாயங்காலம் அவன் கடையிலிருந்து வந்ததும் தாளை அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். செருப்பைக்கூட அவன் கழற்றவில்லை.

“இன்னாடா இது?”

பார்த்தான். முகம் சுருங்கியது. “அதுவாம்மா? ஆஸ்பத்திரில போலீஸ் வந்தாரு. எழுதிகினு வந்து கையெழுத்து கேட்டாரு. போட்டேன்.”

“நீ பாத்தியா?”

“நான் எப்டி பாப்பேன்? கடைல இருந்தேன். ஃபோன் வந்து, பத்தரைக்குத்தான் வந்தேன்.”

“அப்ப டிரெய்லர் இடிச்சிதுன்னு நான் தொண்ட கிழிய சொன்னது இன்னா ஆச்சி?”

“வலில ஏதோ ஒளறிகினு இருந்தன்னு நெனச்சேன். அந்தாளு வயசு கேட்டாரு, அறுவத்தொண்ணுன்னேன். எதுல போனாங்கன்னாரு, சைக்கிள்னேன். அவரே எழுதிட்டாரு. கேஸு, கோர்ட்டுன்னு அலஞ்சிகினு இருக்க முடியுமாம்மா? ஒரே பேஜாரு. அதுவும் இல்லாம நான்தான் மொதல்லியே சொன்னேன்ல.”

“இன்னா சொன்ன?”

“வுயுந்துடுவேன்னு.”

அவன் பெண்டாட்டி இஷ்ரத் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் சோம்பேறித்தனத்தில் போட்ட கையெழுத்து என்றால்கூடப் பொறுத்திருப்பேன். அவனுக்கு அந்தத் தாளில் ஒரு திருப்தி இருந்தது. பதினோரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தது பலித்துவிட்ட திருப்தி. பெற்ற தாய் கை உடைந்து கிடக்கும்போது ஒருவனுக்கு ‘நான்தான் சொன்னேனே’ என்று தோன்றுமென்றால், அவனை எப்படி வளர்த்திருக்கிறேன் என்று என்னைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும்.

“நாளைக்கி என்கூட ஸ்டேஷனுக்கு வா. பாக்காம கையெழுத்து போட்டேன்னு சொல்லு. அது போதும்.”

“லூசாம்மா நீ? ஒண்ணர மாசம் ஆச்சி. கையும் சேந்துடுச்சி. இனிமே சைக்கிளும் கெடையாது. அப்பால அந்த பேப்பர்ல இன்னா எழுதி இருந்தா ஒனக்கு இன்னா?”

அதுதான் விஷயமே. அந்தத் தாளில் நான் தானாக விழுந்தவளாக இருக்கும்வரை இந்த வீட்டில் எனக்குச் சைக்கிள் கிடையாது. மாடியில் குடியிருப்பவர்களுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, காலடிப்பேட்டையில் என்னிடம் தையல் கற்கிற பெண்களுக்கு எல்லாம் அவன் சொல்லி முடித்துவிட்டான், அம்மா சைக்கிளில் தடுமாறி விழுந்துவிட்டார்கள் என்று. போலீஸே எழுதியிருக்கிறது, அப்புறம் என்ன? இனி நான் எழுந்து நின்றால் பிடிப்பார்கள், தண்ணீர் எடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அந்த டிரெய்லர்காரன் நாளைக்கும் அதே இடத்தில் அதே மாதிரி வளைத்துச் செருகுவான். அவன்மேல் ஒரு எழுத்துகூட இல்லை.

மறுநாள் அவன் கடைக்குப் போனதும் ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டானிஸ்லாஸ் கடைக்குப் போனேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். டிரெய்லர் டயர்தான் அவனுக்குச் சோறு. இருந்தாலும் யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் மாட்டேன் என்று சொல்ல மாட்டான். நான் விழுந்தபோது ஓடிவந்து தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் அவன்தான். சைக்கிளைக் காயலான் கடையில் போட்டுவிடச் சொல்லி ஃபர்ஹான் அவனுக்கு ஃபோன் செய்திருந்தான். அவன் போடவில்லை.

என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்து சைக்கிளை உருட்டி வந்தான். பளபளவென்று இருந்தது. “புது பிரேக் கட்டை போட்டுகீறேன்க்கா. பெல்லு மாத்திட்டேன். கேரியரு நல்லா வளஞ்சிட்டு இருந்துச்சி, சூடு காட்டி நிமித்திட்டேன். காசு வேணாம்.”

நான் கேரியரைப் பார்த்தேன். நேராக, அழகாக இருந்தது. கம்பி மாட்டி இழுத்த தடம் அதில்தான் இருந்தது. தானாக விழுந்தால் எந்தச் சைக்கிளின் கேரியராவது அப்படிப் பிய்ந்து வளையுமா என்று போலீஸைக் கேட்கத்தான் சைக்கிளை எடுக்க வந்தேன். இந்த நல்ல மனுஷன் அந்த ஒரு சாட்சியையும் சூடு காட்டி நிமிர்த்தி வைத்திருந்தான்.

“அடப்பாவி,” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. விளக்கினேன். நெற்றியில் அடித்துக்கொண்டான். “தெரியாம பண்ணிட்டேன்க்கா.”

“சரி வுடு. நீதான் கண்ணால பாத்தியே. ஸ்டேஷனுக்கு வந்து சொல்லு.”

அவன் ரோட்டைப் பார்த்தான். எதிரே ஏழெட்டு டிரெய்லர்கள் நின்றுகொண்டிருந்தன. “அவனுங்க டயருதான்க்கா நான் ஒட்டிகினு கீறேன். போலீஸ்ல சொன்னேன்னு தெரிஞ்சா ஒருத்தன் நிக்கமாட்டான். என் பேர மட்டும் இயுக்காதக்கா. உன் கால்ல வுயுறேன்.” அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். இழுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன்மேலும் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

க்ளிப்பை மாட்டினேன். ஏறினேன். ஸ்டேஷன் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். வழியில் அந்த இடம் வந்தது. அதே வரிசை, அதே டீசல் நாற்றம், கண்ணில் விழும் அதே கரித்தூள். பயமாக இருந்தது. இடது மணிக்கட்டில் பிரேக்கைப் பிடிக்கப் பலமில்லை. பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அடிடா, நன்றாக அடி என்று சொல்லிக்கொண்டே ஒரே சீராக மிதித்தேன். அவன் தாண்டிப் போகும்வரை ஹாண்டில் ஒரு விரற்கடைகூட ஆடவில்லை.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்பார்கள். இந்த ரைட்டர் பெயர் பாரி என்று சட்டையில் போட்டிருந்தது. நாற்பது வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், தாளை வாங்கிப் படித்தார், சிரித்தார்.

“இதுல என்னம்மா தப்பு?”

“நெலதடுமாறின்னு எழுதிகீறீங்க. நான் தடுமாறல. தானாகவேன்னு எழுதிகீறீங்க. நான் தானா வுயல. மூதாட்டின்னு எழுதிகீறீங்க. உங்க வூட்ல அறுவத்தொரு வயசுல யாரையாவது அப்டி கூப்புட்டு பாருங்க, அப்பால தெரியும்.”

பக்கத்து மேஜைப் பெண் போலீஸ் களுக்கென்று சிரித்தாள். பாரிக்குக் காது சிவந்துவிட்டது. “அது எல்லாத்துக்கும் எழுதறதும்மா. சைக்கிள், பைக்குன்னா, வண்டி நம்பர் தெரியலன்னா, நிலைதடுமாறின்னு போட்டுருவோம். கையே தானா எழுதிரும். யாரையும் குத்தம் சொல்றதில்ல.”

“என்னை சொல்லிகீறீங்களே.”

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்த வயசுல சைக்கிள்னா கொஞ்சம் தடுமாறத்தானே செய்யும்?”

நான் எழுந்தேன். “வெளில வாங்க சார்.”

ஸ்டேஷன் முற்றத்தில் பிடித்துப்போட்ட பைக்குகள் தூசி படிந்து இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. வேகமாகப் போவது பெரிய விஷயமில்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். நான் மெதுவாகப் போனேன். கால் தரையில் படாமல், நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக. கம்பெனியில் ஆயுதபூஜைக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள், கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. நாலு வருஷம் தொடர்ந்து எவர்சில்வர் தூக்கு வாங்கியிருக்கிறேன். அந்த வழியின் முடிவில், பைக் குவியலுக்கு நடுவே, ஒரு காலையும் ஊன்றாமல் வளைத்துத் திரும்பி பாரியின் பூட்ஸுக்கு நேராக வந்து நிறுத்தினேன். வாசலில் சென்ட்ரியாகக் காவல் நின்றவர்கூடக் கை தட்டினார்.

“இப்ப சொல்லுங்க. யாரு தடுமாறுறா?”

பாரி உண்மையிலேயே அசந்துவிட்டார். உள்ளே வந்து எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். “எழுதினத அடிக்க முடியாதும்மா. கூடுதல் வாக்குமூலம்னு ஒண்ணு வாங்கலாம். டிரெய்லர் இடிச்சுதுன்னு நீங்க சொல்றத எழுதி, ஃபைல மறுபடி தொறக்கலாம். ஆனா உங்க பையன் வேற மாதிரி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கார். அவர் பார்க்கலன்னு ஒரு வார்த்தை சொல்லணும். ஃபோன் போடட்டா?”

“போடுங்க,” என்றேன். நேற்று என்னிடம் வாயாலேயே ஒப்புக்கொண்டவன் தானே. ஸ்டேஷனுக்கு வர வெட்கப்பட்டான், ஃபோனில் சொல்லிவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன்.

பாரி ஸ்பீக்கரில் போட்டார். “ஃபர்ஹானா? ஸ்டேஷன்லேருந்து பேசறேன். உங்கம்மா கேஸ்ல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நேர்ல பார்த்துதானே போட்டீங்க? பார்க்காம போட்டிருந்தா பொய் வாக்குமூலமாயிடும் தம்பி, அப்புறம் உங்க மேலயே கேஸ் வரும். யோசிச்சு சொல்லுங்க.”

கேட்ட விதம் அப்படி. அந்தப் பக்கம் கடையில் இரும்புக் கம்பி இறக்குகிற சத்தம் கேட்டது. என் பிள்ளை யோசிப்பதும் எனக்குக் கேட்டது.

“பாத்தேன் சார்,” என்றான். “கண்ணால பாத்தேன். அம்மா தானாத்தான் வுயுந்தாங்க. வேற வண்டியே இல்ல.” குரலைத் தாழ்த்தினான். “அவங்களுக்கு இப்ப ஞாபகம் சரியில்ல சார். அத்தா போனதுலேர்ந்து இப்டிதான், ஏதாவது சொல்லிகினு இருப்பாங்க. நீங்க கண்டுக்காதீங்க.”

பாரி ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் ஃபைலை மூடினார். டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. டிரெய்லர் இடித்தபோது கேரியர்தான் வளைந்தது, கைதான் உடைந்தது. இவன் என் மண்டைக்குள் இருப்பதையே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டான். அதுவும் தகப்பன் பெயரைச் சொல்லி. இன்று ஞாபகம் சரியில்லை என்று சொல்கிறவன் நாளை எதையெல்லாம் சொல்ல மாட்டான்? அழுதுகொண்டேதான் பையைத் திறந்தேன். எக்ஸ்ரேயோடு ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தது.

“படிங்க சார். எத்தினி மணிக்கி சேத்தாங்கன்னு போட்டுகீது?”

“ஒன்பது நாற்பது.”

“கொண்டுவந்தவர்னு யாரு பேரு கீது?”

“ஸ்டானிஸ்லாஸ்.” அவர் நிமிர்ந்தார். “உங்க பையன் இல்லையா?”

“அவன் மண்ணடில கடைல இருந்தான். பத்தரைக்கி வந்தான். கண்ணால பாத்தவன் என்னை ரோட்டுல வுட்டுட்டு கடைக்கி போய் யாவாரம் பண்ணிட்டா வந்தான்? இப்ப சொல்லுங்க, யாருக்கு ஞாபகம் சரியில்ல?”

ஸ்டானிஸ்லாஸுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்திலேயே போயிற்று. அவன் பெயரை நான் சொல்லாமல் சீட்டு சொல்லிவிட்டது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சமாதானமாகவில்லை.

பாரி சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். டிரெய்லர், நேரம், கம்பி, கேரியர் எல்லாம் எழுதினார். தடுமாறி என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை. முடித்துவிட்டு வாசித்துக் காட்டினார். கடைசி வரி இப்படி இருந்தது: ‘சம்பவத்தின்போது என் மகன் ஃபர்ஹான் அங்கு இல்லை. அவர் நேரில் பார்த்ததாகத் தவறுதலாகக் கூறியுள்ளார்.’

“அதுல ஒரு வார்த்தய அடிங்க சார்.”

“எது?”

“தவறுதலாக.”

பாரி பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, பெத்த பிள்ளை. அந்த ஒரு வார்த்தை இருந்தா அவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. வேணும்னே போட்டு வச்சேன்.”

“அவன் தவறுதலா சொல்லல. யோசிச்சி சொன்னான். நீங்களும் கேட்டீங்க.”

“கோவத்துல பண்ணாதீங்க. வீட்டுக்குப் போய் ஒரு நாள் யோசிங்க.”

“கோவத்துலதான் பண்றேன். கோவம் போயிட்டா வுட்டுருவேன் சார், எனக்கு என்னை தெரியும். அவன் பொறந்ததுலேர்ந்து முப்பத்திமூணு வருசமா அப்டித்தான் வுட்டுகினு வந்துகீறேன். இப்பவே அடிங்க.”

அவர் அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு சின்னக் கையெழுத்துப் போட வேண்டுமாம், போட்டேன். கீழே பெரிய கையெழுத்தும் போட்டேன். நகல் ஒன்றை மடித்துக் கொடுத்தார்.

முற்றத்துக்கு வந்து சைக்கிளின் ஸ்டாண்டை எடுத்தபோது என் ஃபோன் அடித்தது. ஃபர்ஹான். அதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவன் குரல் சின்ன வயதில் ஜுரம் வந்தால் வருகிற குரலாக இருந்தது.

“அம்மா, இன்னாம்மா எழுதி குடுத்த? பொய் வாக்குமூலம்னு சொல்றாங்க. என்னை உள்ள தூக்கி வச்சிட்டா இன்னாம்மா பண்ணுவ?”

நான் க்ளிப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்.

“இன்னா பண்ணுவேன், சோறு கட்டிகினு வருவேன். சைக்கிள்லதான் வருவேன்.”